மியூனிக்கில் குறைந்த வாடகைக்கு ரூம் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: மியூனிக்கில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் செமஸ்டர் தொடங்குகிறது. மாணவர் விடுதியில் கேட்டால் காத்திருப்புப் பட்டியல் என்கிறார்கள். மாதம் 450 யூரோவுக்கு மேல் வாடகை கொடுக்க முடியாது. இந்த நிலையில் நகரின் நடுவிலேயே 380 யூரோவுக்கு ரூம் தருவதாக ஒருவர் வாட்ஸப்பில் படங்களும் தன் அடையாள அட்டையும் அனுப்பியிருக்கிறார். இரண்டு மாத வாடகையும் டெபாசிட்டும் முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். அனுப்பலாமா? வேறு வழி இருக்கிறதா?

அனுப்பாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024-25 குளிர்கால செமஸ்டரில் மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு ரூமின் சராசரி வாடகை 790 யூரோ என்று மோசஸ் மெண்டல்சோன் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. ஜெர்மனி முழுவதற்குமான சராசரி 489 யூரோ. அப்படிப்பட்ட ஊரில், நகரின் நடுவில், ஆளையே பார்க்காமல் 380 யூரோவுக்கு யாரும் ரூம் கொடுப்பதில்லை. அவர் அடுத்து சொல்லப்போவதையும் சொல்லிவிடலாம்: வேலை நிமித்தமாக வேறு நாட்டில் இருக்கிறேன், ரூமை நேரில் காட்ட முடியாது, பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன். அவர் அனுப்பிய அடையாள அட்டை பெரும்பாலும் இதற்கு முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையது. நீங்கள் பாஸ்போர்ட் நகலை அனுப்பினால் அடுத்த ஆளிடம் அது உங்கள் பெயரில் போய் நிற்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் சட்டப்படி டெபாசிட்டை மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணைகூட குடியிருப்பு தொடங்கும்போதுதான் கட்ட வேண்டும். சாவிக்கு முன்னால் முழு டெபாசிட்டும் கேட்பவரிடம் சட்டம் இல்லை, அவசரம்தான் இருக்கிறது.

சரி, இனி வழியைப் பார்ப்போம். முதலில் கையில் உள்ள காசு. விசாவுக்காக நீங்கள் முடக்கி வைக்கும் கணக்கில், 2024 செப்டம்பர் முதல், ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ உங்கள் கைக்கு வரும். மாணவர் மருத்துவக் காப்பீடு அதில் 140 யூரோவை ஒட்டி எடுத்துக்கொள்ளும். சாப்பாடு, பயணம், போன், செமஸ்டர் கட்டணம் எல்லாம் போக 450 என்று நீங்கள் போட்ட கணக்கு நியாயமானதுதான். இந்த நாட்டு மாணவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையிலேயே வாடகைக்கென 380 யூரோதான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக இந்த நெருக்கடி உங்களுக்கு மட்டுமானதல்ல, அவர்களும் அதே ரூமுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடத்துக்கான ரூமைத் தேடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குக் காலூன்ற ஓர் இடம் தேடுங்கள். மலிவான, நீண்டநாள் ரூமை இங்கே வந்து இறங்கியபிறகு தேடுங்கள். இரண்டும் வேறு வேறு தேடல்கள். முதலாவதில் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த முகவரியில் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய முடிய வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வருபவர்கள் என்னிடம் ரூமுக்கு உதவி கேட்கிறார்கள். அவர்களில் பலர் இதை மாற்றிச் செய்துதான் தவிக்கிறார்கள்: வாடகை குறைவு என்று ஓர் இடத்தைப் பிடித்துவிட்டு, முகவரியைப் பதிய முடியாமல் நிற்கிறார்கள்.

அன்மெல்டுங் என்பது நகர நிர்வாகத்தில் உங்கள் முகவரியைப் பதிவது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். மியூனிக் போன்ற பெரிய ஊரில் அதற்கு நேரம் கிடைப்பதே தாமதமாகலாம், அதனால் குடியேறும் தேதி தெரிந்தவுடனே நேரம் பதிந்துகொள்ளுங்கள். வீடு கொடுப்பவர் "இவர் இன்ன தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்" என்று கையெழுத்திட்ட ஒரு தாளைத் தர வேண்டும், 2015 நவம்பர் முதல் இது கட்டாயம். வரி எண் வருவது இந்தப் பதிவை வைத்துத்தான். உங்கள் நுழைவு விசா முடிவதற்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமே, அதற்கும் இதுதான் அடிப்படை. இதனால்தான் "அன்மெல்டுங் கிடையாது" என்று போட்டிருக்கும் ரூம்கள் மலிவாக இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை ஓரிரு வாரம் தங்க வேண்டுமானால் எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. காசு வாங்கிக்கொண்டு வெறும் முகவரியை மட்டும் பதிந்து தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம் ஆட்கள் குழுக்களிலும் இருக்கிறார்கள். குடியேறாத ஒருவருக்கு முகவரி கொடுப்பது சட்டவிரோதம், கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பதிந்துகொள்பவரும் பொய்ப் பதிவு செய்தவராகிறார். மாணவர் விசாவில் இருப்பவர் அந்த ஆபத்துக்குள் போகவே கூடாது.

காலூன்ற எங்கே தேடுவது? ஸ்விஷன்மீட்டே என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. பரிமாற்றப் படிப்புக்கோ பயிற்சி வேலைக்கோ வேறு ஊர் போகும் மாணவர் தன் ரூமை, சாமான்களோடு, இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு மறுவாடகைக்கு விட்டுப் போவார். அவருக்கு லாபம் நோக்கமில்லை, திரும்பி வரும்வரை தன் வாடகைச் சுமை குறைந்தால் போதும். அதனால் சந்தை விலையை விடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நிரந்தர ரூமுக்கு நூறு பேர் எழுதும் இடத்தில் இதற்கு எழுதுபவர்கள் குறைவு. வீடியோ அழைப்பிலேயே முடிவு செய்யவும் பலர் தயாராக இருப்பார்கள். எழுதும்போது இரண்டு கேள்விகளை மறக்காதீர்கள்: அன்மெல்டுங் தாள் கிடைக்குமா, மறுவாடகைக்கு வீட்டு உரிமையாளர் சம்மதித்திருக்கிறாரா? சம்மதம் இல்லாமல் விட்டிருந்தால் பாதியில் காலி செய்யச் சொல்லும் நிலை வரலாம். ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கானது என்றால் நடுவில் விட்டுவிட்டுப் போவது பொதுவாக முடியாது என்பதால், மூன்று மாதம் போதுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹாஸ்டலிலோ குறுகிய கால வாடகை வீட்டிலோ ஓரிரு வாரம் தங்கிக்கொண்டு தேடலாம் என்று நினைத்தால், மியூனிக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் முதல் வாரம் வரை அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கும். படுக்கை ஒன்றின் விலை அந்த நாட்களில் பல மடங்காகிவிடும். விசா அனுமதித்தால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்துவிடுங்கள். முடியாவிட்டால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் மாணவர் பேரவைக்கும் இப்போதே எழுதிக் கேளுங்கள். பல ஊர்களில் செமஸ்டர் தொடங்கும் வாரங்களில் தற்காலிகப் படுக்கைகளை ஏற்பாடு செய்வார்கள்.

இனி விடுதி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் விடுதியும் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே விடுதிகளை நடத்துவது ஷ்டுடீரண்டன்வெர்க் என்னும் தனி அமைப்பு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் இருப்பது நகருக்கு வெளியே கார்ஷிங், ஃப்ரைசிங் பக்கமும் விடுதிகளை வைத்திருக்கிறது. காத்திருப்பு பல செமஸ்டர்கள் நீளலாம். அதற்குத் தேவை கூடியது மட்டும் காரணமில்லை. ஜெர்மனியின் மிகப் பெரிய மாணவர் குடியிருப்பான ஷ்டுடெண்டன்ஷ்டாட் 2,500 பேர் அளவுக்குக் கட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் அங்கே ஒரு கட்டடத்தில் தீப்பிடித்ததைத் தொடர்ந்து பல கட்டடங்கள் புதுப்பிப்புக்காக மூடப்பட்டன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூம்கள் காலியாகக் கிடந்தன. இடம் இருந்தும் மாணவர்கள் தெருத்தெருவாக அலைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் விண்ணப்பித்து வையுங்கள். மூன்றாவது செமஸ்டரில் வந்தாலும் அது லாபம்தான். காத்திருப்புப் பட்டியல்களில் இடையிடையே உங்கள் ஆர்வத்தை உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வரலாம். அதைத் தவறவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஷ்டுடீரண்டன்வெர்க் தவிர கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் விடுதிகள் மியூனிக்கில் நிறைய. பலவற்றில் மதம் தடையில்லை. பெரிய பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு இவற்றுக்கு எழுதாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், சலிப்பான வேலைதான். ஆனால் நீங்கள் சொல்லும் 450 யூரோவுக்குள் நேர்மையான வாய்ப்பு அதிகம் இருப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு.

ஃபெர்பிண்டுங் என்ற பழைய மாணவர் சங்கங்களின் வீடுகளிலும் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவான ரூம்கள் விளம்பரத்தில் வரும். எல்லாமே மோசமானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரூமுடன் உறுப்பினராகும் எதிர்பார்ப்பும் வரும், பல சங்கங்கள் ஆண்களை மட்டுமே சேர்க்கும், அவற்றில் சில வெளிப்படையாகவே தீவிர வலதுசாரிகள். எந்தச் சங்கம் என்று தேடிப் படிக்காமல் பதில் போடாதீர்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு வழி, வோனன் ஃபூர் ஹில்ஃபே என்ற திட்டம். தனியாக வாழும் முதியவரோ சிறு குழந்தைகள் உள்ள குடும்பமோ தங்கள் வீட்டில் ஒரு ரூம் தருவார்கள். வாடகைக்குப் பதிலாக நீங்கள் உதவி செய்ய வேண்டும். கணக்கு எளிது: ரூமின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேரம். 15 சதுர மீட்டர் என்றால் மாதம் 15 மணி நேரம் கடைக்குப் போவது, தோட்ட வேலை, கணினியில் உதவி, கூட உட்கார்ந்து பேசுவது. நோயாளியைப் பராமரிக்கும் மருத்துவ வேலை இதில் சேராது. மின்சாரம், தண்ணீர், வெப்பத்துக்கான செலவை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். மியூனிக்கிலும் இது நடக்கிறது. ஓரளவாவது ஜெர்மன் பேசத் தெரிந்திருந்தால் இதை முதலிலேயே முயன்று பாருங்கள் என்பேன். மொழியும் அங்கேயே வளரும்.

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேர்வது பகிர்ந்து வாழும் வீடுகளுக்குத்தான், இங்கே வே-கே என்பார்கள். வே-கே-கெஸுக்ட் என்ற இணையதளத்தில்தான் இவை அதிகம் வரும். அங்கே வாடகையை விடப் பெரிய தடை, நீங்கள் அனுப்பும் செய்திக்குப் பதிலே வராததுதான். அந்த வீட்டில் இருப்பவர்கள் தங்களோடு சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளப் போகும் ஒரு மனிதரைத் தேடுகிறார்கள். "வணக்கம், நான் மாணவன், ரூம் இன்னும் இருக்கிறதா?" என்று ஒரே செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படிக்கக்கூட மாட்டார்கள். விளம்பரத்தை முழுக்கப் படியுங்கள். படித்தவர்களைப் பிரித்தறிய சிலர் நடுவில் ஒரு சொல்லை ஒளித்து வைத்து, "எழுதும்போது இதைக் குறிப்பிடு" என்று கேட்டிருப்பார்கள்.

செய்தியை ஜெர்மனில் தொடங்குங்கள், நான்கு வரி போதும், பிறகு ஆங்கிலத்துக்கு மாறலாம். பெயர், படிப்பு, எப்போது வருகிறீர்கள், எவ்வளவு காலம் என்பதைச் சொன்னபின், அவர்கள் எழுதியதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைக் குறிப்பிடுங்கள். ஞாயிறு மாலை எல்லோரும் சேர்ந்து சமைப்போம் என்று போட்டிருந்தால், நீங்கள் என்ன சமைப்பீர்கள் என்று எழுதுங்கள். இறைச்சி சாப்பிடாதவர், தூக்கம் கெடாமல் இருக்க வேண்டும் என்பவர், விருந்து பிடிக்காதவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒத்து வராத வீட்டில் போய்ச் சேராமல் இருக்க அது உதவும். பிறகு நேர்காணல் மாதிரி ஒரு சந்திப்பு நடக்கும். ஒரே மாலையில் பத்துப் பேரைப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் அதை உங்கள் நிறத்தின் மேலோ மொழியின் மேலோ உடனே போட்டுக்கொண்டு மனம் உடைந்து போகாதீர்கள். பாகுபாடு காட்டுபவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நாட்டிலேயே பிறந்த மாணவர்களும் மாதக்கணக்கில் நிராகரிக்கப்படுகிறார்கள்.

நவம்பர், டிசம்பரில் நிலைமை தளரும். அக்டோபர் நெருக்கடியில் கிடைத்ததைப் பிடித்தவர்கள் இடம் மாறுவார்கள், பிப்ரவரியில் வகுப்புகள் முடிந்ததும் இன்னொரு சுற்று ரூம்கள் வரும். மூன்று மாத இடத்தோடு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேடும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச்சீட்டு நாடு முழுவதும் எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), பிராந்திய ரயில்களில் செல்லும், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மாணவர்களுக்கு அது குறைந்த விலையில் கிடைக்கிறது. கையில் அது இருந்தால் ஃப்ரைசிங், டாக்காவ் மட்டுமல்ல, லாண்ட்ஸ்ஹூட்டும் ஆக்ஸ்பர்கும்கூட உங்கள் எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் வகுப்பு எங்கே என்று முதலில் பாருங்கள். கார்ஷிங் வளாகம் நகரத்துக்கு வடக்கே யூ-6 பாதையின் கடைசியில் இருக்கிறது. அங்கே படிப்பவர் நகரத்துக்குத் தெற்கே மலிவாக ரூம் எடுத்தால் தினமும் ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் இடத்தைக் குளிர்காலத்தில் தாங்குவது கடினம், ஆய்வகத்தில் இரவு வரை இருக்க வேண்டிய படிப்பென்றால் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரூம் கிடைக்கும் கட்டத்தில் ஷூஃபா கேட்பார்கள், அதாவது நீங்கள் கடன்களை ஒழுங்காகக் கட்டுபவரா என்ற சான்று. புதிதாக வந்தவருக்கு அது இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். முடக்கக் கணக்கின் சான்று, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், முந்தைய வீட்டு உரிமையாளர் எழுதித் தந்த இரண்டு வரி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். பாஸ்போர்ட் நகலை ரூமைப் பார்த்தபிறகு கொடுங்கள்.

விளம்பரத்தில் உள்ள வாடகை எது என்று கேளுங்கள். கால்ட்மீட்டே என்றால் வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்றால் வெப்பம், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பல நேரம் அதிலும் சேராது. வெப்பத்துக்கு மாதாமாதம் கொடுப்பது முன்பணம்தான், ஆண்டு முடிந்ததும் உண்மையான கணக்கு வரும், கூடுதலாகச் செலவழித்திருந்தால் கட்ட வேண்டும். வானொலி, தொலைக்காட்சிக்கான ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோவுக்கும் கடிதம் வரும், அது ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு உங்கள் பங்கை அவரிடம் தந்தால் போதும். டெபாசிட் மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு மேல் போகக் கூடாது. ரூமைக் காட்டவே காசு கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். தரகரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் அவருக்கான கூலியை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும், 2015 ஜூன் முதல் அதுதான் சட்டம்.

சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, ஜன்னல், மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். டெபாசிட் திரும்பி வரும்போது தகராறு வந்தால் கையில் இருப்பது அந்தத் தாள்தான். தகராறு முற்றினால் மாணவர் பேரவையில் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு நல்ல ரூம் கிடைத்து மாறும்போது: காலவரையறை உள்ள ஒப்பந்தம் அந்தத் தேதியில் தானாக முடியும். வரையறை இல்லாதது என்றால் பொதுவாக மூன்று மாத அவகாசம் தர வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸப்போ செல்லாது, காகிதத்தில் கையெழுத்திட்ட கடிதம் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சேர்ந்தால்தான் அந்த மாதமும் கணக்கில் வரும். புது முகவரியில் மறுபடியும் இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங். குடியேறிய அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். இங்கே தபால்காரர் கடிதம் போடுவது வீட்டு எண்ணை வைத்து அல்ல, பெட்டியில் உள்ள பெயரை வைத்துத்தான். வங்கியின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும், பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும்.